காரைக்குடியில் பழைய வண்டிகளின் முன் ஃபோர்க் வேலை: ஒரு பட்டறையைப் பற்றிய மதிப்பீடு

காரைக்குடி செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெயர்ப்பலகை ஏதுமின்றித் தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஒரு பட்டறையைப் பற்றியது இந்த மதிப்பீடு. புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 போன்ற பழைய வண்டிகளை மட்டுமே அங்கே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தம் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அவரை மெக்கானிக் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் அப்பச்சி 1990-களின் தொடக்கத்தில் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் குழாய் அமைப்பில், இரண்டு பக்கமும் எண்ணெய் கசிந்ததைச் சரிசெய்ய அவரிடம் போனேன். வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய், கசிவு திரும்பவில்லை என்று உறுதியான பிறகே இதை எழுதுகிறேன். ஏனென்றால் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிய வண்டி முதல் வாரத்தில் எல்லாப் பட்டறையிலும் நன்றாகத்தான் இருக்கும்.

செட்டிநாட்டில் இந்தக் கோளாறு அதிகமாகத் தென்படுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. இங்கே பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்க, வண்டி பின்கட்டிலோ கார்க் கொட்டகையிலோ ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நிற்கும் காலத்தில் சீலின் ரப்பர் உதடு (உள் விளிம்பு) பைப்பின், அதாவது குரோம் பூசிய மேல்குழாயின், ஒரே வளையத்தை அழுத்திக்கொண்டு இறுகிப்போகிறது. எண்ணெய் படாமல் வெளியே நிற்கும் பைப்பின் மேற்பகுதியில் குரோமின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக ஈரம் இறங்கி, புள்ளி புள்ளியாகத் துரு கிளம்புகிறது. கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வந்தவர்கள் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு குன்றக்குடி வரை ஒரு சுற்றுப் போனால், முதல் பள்ளத்திலேயே அந்தத் துருப்புள்ளிகள் இறுகிய உதட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் வருகின்றன. வீடு திரும்பும்போது முன் சக்கரத்தின் மேல் எண்ணெய் வழிந்திருக்கும். செம்மண் புழுதி இதைக் கடுமையாக்குகிறது. கசிந்த எண்ணெயில் ஒட்டிய புழுதி உதட்டின் அடியில் புகுந்து, உப்புத்தாளைப் போலப் பைப்பையும் ரப்பரையும் ஒருங்கே தேய்க்கிறது.

சீலைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஃபோர்க் சீல் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனது. அதன் எண்ணெய்ப் பக்கத்து உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையச் சுருள் இருக்கும். உதட்டைப் பைப்போடு அணைத்து வைப்பது அந்தச் சுருள்தான். மேல்பக்கத்தில் புழுதியைத் தடுக்கும் இரண்டாவது உதடு பல சீல்களில் உண்டு. பைப் வழவழப்பாகவும் நேராகவும் இருந்து, பாட்டம் எனப்படும் கீழ்க்குழாய் அதன் மேல் ஆட்டமின்றி நகர்ந்தால், சாதாரண விலைச் சீல்கூட நெடுநாள் உழைக்கும். இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் எவ்வளவு உயர்ந்த சீலைப் போட்டாலும் கசியும். எளிய உண்மைதான், ஆனாலும் வழக்கமான பட்டறைகளில் இதற்கு மதிப்பில்லை. கசிவு என்று சொன்னவுடன் பழைய சீலைப் பிடுங்கிப் புதியதைத் தட்டி இறக்கி அனுப்பிவிடுகிறார்கள். வேறோர் ஊரில் ஒரு கடையில் எனக்கு நடந்ததும் அதுவே: சில வாரங்களில் மீண்டும் கசிந்தது, சீலைத் திருப்புளியால் நெம்பி எடுத்ததில் அலுமினியப் பாட்டத்தின் உட்சுவரில் கீறல்களும் விழுந்திருந்தன.

இந்த மெக்கானிக்கிடம் எனக்கு முதலில் பிடித்தது, அவர் உடனே எதையும் கழற்றவில்லை என்பது. "பைப்பைப் பாக்காம சீல் வாங்கிட்டு வராதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு பைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைப் பலமுறை அமுக்கி எடுத்தார். பைப்பில் மெல்லிய பளபளப்பு மட்டும் படிந்தால் அது இயல்பு; தடித்த எண்ணெய் வளையம் நின்றால்தான் கசிவு. இரு பக்கமும் வளையம் நின்றது. அடுத்து ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, என்னைச் சற்றுக் கரடான சாலையில் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். பாட்டம் மேலே ஏறும்போது நூலைத் தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் விட்டுவிடும். சீல் பைப்பில் எந்த உயரம் வரை பயணிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு மேலே உள்ள துரு அழகைக் கெடுக்குமே ஒழியக் கசிவைத் தராது. எல்லைக்குள் உள்ள ஒரு சிறு புள்ளி போதும், சீலைக் கெடுக்க. வலப்புறப் பைப்பில் எல்லைக்குள் நான்கைந்து புள்ளிகள் இருந்தன. இடப்புறத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாததையும் அவர் விடவில்லை. பஞ்சு உருண்டை ஒன்றைப் பைப்பைச் சுற்றி மெதுவாக இழுத்தார். நுண்ணிய மேடோ குழியோ இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். இடப்புறத்தில் எங்கும் மாட்டவில்லை. ஆகவே அந்தப் பக்கம் கசிவுக்கு வெறும் அழுக்கே காரணமாக இருக்கலாம் என்று, சீலின் மேலுள்ள புழுதி மூடியான டஸ்ட் கேப்பைத் தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய மெல்லிய பட்டையைச் சீலுக்கும் பைப்புக்கும் இடையே நுழைத்து வட்டமாகச் சுற்றி எடுத்தார். கருத்த மண்ணும் ரப்பர்த் துகளும் அதோடு வந்தன. இதற்கு அவர் காசு வாங்கவில்லை. கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. உதடு இறுகிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகே இரண்டையும் கழற்றலாம் என்றார். பல வண்டிகளுக்கு இந்த ஒரு பட்டையே போதுமானதாக இருக்கும். பட்டையின் விளிம்பு கூராக இருந்தால் அதுவே உதட்டைக் கிழித்துவிடும் என்பதையும், இரும்புத் தகட்டை ஒருநாளும் நுழைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கழற்றும் வேலை எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. இவ்வகை ஃபோர்க்கில் பாட்டத்தின் அடியிலிருந்து ஓர் அலன் போல்ட் ஏறி, உள்ளே உள்ள, ஃபோர்க்கின் துள்ளலைத் தணிக்கும் டேம்பர் கம்பியைப் பிடித்திருக்கும். போல்ட்டைத் திருகினால் கம்பியும் சேர்ந்து சுற்றும் என்பதால், அதை மேலிருந்து பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அவரிடம் தாமே செய்த நீண்ட டி வடிவக் கருவி இருக்கிறது. அது பொருந்தாத வண்டிகளுக்குத் துடைப்பக் கட்டையின் முனையைச் சீவிப் பைப்புக்குள் இறக்கி அழுத்திப் பிடிப்பாராம். சீலை மேலிருந்து பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்லிப்பை எடுத்தபின், பாட்டத்தின் வாயில் தடித்த துணியை மடித்து வைத்து அதன் மேல் நெம்புகோலைத் தாங்கிச் சீலை எடுத்தார். சீலின் வெளிச்சுற்று உட்காரும் சுவரில் கீறல் விழுந்தால் எண்ணெய் அந்த வழியாகவும் ஏறும். பைப்பின் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது பிடிபடாது. முந்தைய கடையில் விழுந்த கீறல்களை அவர் மிக மெல்லிய வாட்டர் பேப்பரால் நீவினார். ஆழமான ஒன்றுக்கு மட்டும் சீலின் வெளிச்சுற்றில் எண்ணெயைத் தாங்கும் பசையைச் சிறிதளவு தடவினார்.

பைப்பின் நேர்த்தன்மையைப் பார்க்க அருகிலுள்ள லேத் பட்டறைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு தாங்கிகளின் (வி-பிளாக்) மேல் பைப்பைக் கிடத்தி, நடுவில் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மெதுவாக உருட்டினார்கள். உருட்டும்போது முள் காட்டும் மொத்த வேறுபாடு வளைவின் இருமடங்கு என்பதை அங்கே இருந்த லேத்காரர் விளக்கியது எனக்குப் பெரும் பயனாக இருந்தது. யமஹாவின் சேவைக் கையேடுகள் பலவற்றில் வளைவின் எல்லை 0.2 மில்லிமீட்டர் என்று இருக்கும். என் பைப்புகள் இரண்டும் எல்லைக்குள் இருந்தன. வளைந்திருந்தால் சிறிய வளைவை மட்டும் அழுத்தி நிமிர்த்தலாம் என்றும், மடிப்பு விழுந்த பைப்பைப் பெண்டு எடுத்துத் தரச் சொன்னாலும் தாம் தருவதில்லை என்றும் மெக்கானிக் சொன்னார். அது முன் சக்கரத்தைத் தாங்கும் பாகம் என்பதால் அவர் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

வலப்புறப் பைப்பின் துருப்புள்ளிகளுக்கு மூன்று வழிகளை அவர் எடுத்துச் சொன்னார். புள்ளியின் விளிம்பை நீவிவிட்டு, குழியை எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் சமன் செய்வது மலிவான வழி. ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு அது நிற்கும். சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பைப்பை வாங்கிப் போடுவது இரண்டாவது. பழைய பைப்பையே ஹார்ட் குரோம் செய்து கொண்டுவருவது மூன்றாவது. மாற்றுப் பைப்புகளில் குரோம் மெல்லியதாக இருப்பதையும், விட்டம் துண்டுக்குத் துண்டு மாறுவதையும் அவர் தம்மிடம் இருந்த இரண்டை மைக்ரோமீட்டரில் அளந்து காட்டினார். பழைய பைப்பின் எஃகு நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப் போடுவது எனக்கு மனம் வரவில்லை. ஹார்ட் குரோமைத் தேர்ந்தேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பருக்கும் ஹேண்டில் பாருக்கும் போடும் அலங்காரக் குரோமும் ஃபோர்க் பைப்புக்குப் போடும் ஹார்ட் குரோமும் ஒன்றாகா. அலங்கார வேலையில் நிக்கல் பூச்சின் மேல் குரோம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகவே படியும். பளபளப்பைத் தருவது பெரும்பாலும் அடியிலுள்ள நிக்கலே. ஹார்ட் குரோமில் பழைய பூச்சை நீக்கி, எஃகைச் சாணை பிடித்து, அதன் மேல் பல பத்து மைக்ரான் கனத்துக்குக் குரோமை ஏற்றி, பிறகு மீண்டும் சாணை பிடித்துப் பழைய விட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசிச் சாணை இல்லாத பைப், பார்வைக்கு எவ்வளவு மின்னினாலும், சீலை விரைவில் தின்றுவிடும். ஆகவே "குரோம் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் கடையில், பூச்சுக்குப் பின் சாணை பிடிக்கிறார்களா என்பதையும், விட்டத்தை அளந்து தருகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பட்டறை பைப்புகளைக் கோவைக்கு அனுப்புகிறது. மின்வேதியியலுக்கென்றே அமைந்த சிக்ரி ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்ற அந்த நிறுவனத்தில் உலோக அரிப்பும் மின்முலாமும் முக்கிய ஆய்வுத் துறைகள். அது இருக்கும் ஊரிலிருந்து ஒரு ஃபோர்க் பைப் முலாமுக்காகக் கோவைக்குப் பேருந்தில் போய் வருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஹார்ட் குரோம் தொட்டியில் உள்ள குரோமிக் அமிலம் கொடிய நஞ்சு என்பதும், கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடில்லாமல் அதை யாரும் தெருவோரத்தில் நடத்தக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் முறையான ஏற்பாட்டோடு ஒரு சிறு கூடம் இங்கேயே அமைந்தால், இப்பகுதியின் பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டுமன்றி, ஆலைகளுக்கும் விவசாயக் கருவிகளுக்கும் அது உதவும்.

பைப் திரும்பி வந்தபின் பொருத்தும் வேலையை அவர் காலையில், தெருவில் போக்குவரத்து தொடங்கும் முன்பே, புழுதி எழாத நேரத்தில் செய்தார். பைப்பின் மேல்விளிம்பில் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன் மேல் எண்ணெய் தடவி, சீலை அதன் வழியே இறக்கினார். விளிம்பின் கூர்மையில் புதுச் சீல் கிழிவது சாதாரணமாக நடக்கும் ஒன்று. வளையச் சுருள் உள்ள பக்கம் கீழே, எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். பழைய சீலை மேலே வைத்து, சரியான விட்டமுள்ள பி.வி.சி. குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தார். அடி போல்ட்டின் செம்பு வாஷரையும் புதிதாகப் போட்டார். அங்கிருந்து வரும் கசிவைச் சீலின் கசிவு என்று எண்ணி வீணாகச் செலவு செய்கிறவர்கள் உண்டு.

சீலைப் பொறுத்தவரை, நாமே வாங்கிக் கொடுத்தாலும் அவர் மறுப்பதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் ஆகிய மூன்று அளவுகளும் மில்லிமீட்டரில் சீலின் முகத்தில் அச்சாகியிருக்க வேண்டும், உதடு விரலால் மடக்கினால் வெடிக்காமல் திரும்ப வேண்டும், சுருள் அதன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் பார்க்கிறார். உறையில் அச்சிட்ட பெயரை அவர் நம்புவதில்லை. பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களில் போலி உறை மலிந்திருப்பதைப் பார்க்கும்போது அது நியாயமே.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்காவிட்டால் அவரும் மற்றவர்களைப் போல 20டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெயையே (இந்த எண்கள் கூடக் கூட எண்ணெய் கெட்டி) ஊற்றிவிடுகிறார். அந்தக் காலத்து ஜப்பானியக் கையேடுகள் சிலவற்றில் ஃபோர்க்குக்கு எஞ்சின் எண்ணெய் பரிந்துரைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது 10டபிள்யூ-30 போன்ற இலகுவான ரகம். எஞ்சினுக்கான கெட்டியான எண்ணெய் ஃபோர்க்கின் அசைவை மந்தமாக்கி, கல் பாவிய தெருவில் கைகளுக்கு அதிர்வைத் தருகிறது. நான் 10டபிள்யூ ஃபோர்க் எண்ணெய் வேண்டும் என்று கேட்டபோது மறுக்காமல் வரவழைத்தார். ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூவும் மற்றொன்றின் 10டபிள்யூவும் ஒரே கெட்டியாக இருப்பதில்லை. டப்பாவில் 40 டிகிரி வெப்பத்துக்குக் குறித்திருக்கும் பாகுநிலை எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி. அளவில் அவர் மிகவும் கவனமாக இருந்தார்: ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதும் அமுக்கி, இரு பக்கமும் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டத்தை அளந்து சமமாக்கினார். எண்ணெய் கூடுதலாக இருந்தால் மேலே உள்ள காற்றுக்கு இடம் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் வெளியே தள்ளப் பார்க்கும்.

முன் பிரேக்கைப் பற்றி அவர் காட்டிய அக்கறையைத் தனியே குறிப்பிட வேண்டும். கசிந்த எண்ணெய் பாட்டம் வழியாக இறங்கி டிரம்முக்குள் புகுந்திருந்தது. பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போடுவது இங்கே வழக்கம். எண்ணெய் ஊறிய லைனிங் எவ்வளவு கழுவினாலும் சூடேறும்போது அதைத் திரும்பக் கக்கும் என்று சொல்லி, புதிய ஷூ போடாமல் வண்டியைத் தர மாட்டேன் என்றார். சக்கரத்தைப் பொருத்தும்போதும் ஆக்சிலைக் கடைசியாக முறுக்கும் முன் வண்டியைப் பலமுறை முன்னே அமுக்கினார். ஃபோர்க்கின் இரு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக உட்காராவிட்டால் சீல் ஒரு பக்கம் தேயும்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது. கோவையிலிருந்து பைப் வர எத்தனை நாள் ஆகும் என்பது அவர் கையில் இல்லை என்றாலும், தாமதம் என்று தெரிந்தபின் ஒரு தகவல் சொல்லியிருக்கலாம். தொலைபேசியை வேலை நேரத்தில் எடுப்பதில்லை. அச்சிட்ட ரசீது தருவதில்லை. கேட்டால் நோட்டுத்தாளில் கணக்கு எழுதித் தருகிறார். முறுக்கு விசையை அளக்கும் கருவி அவரிடம் கிடையாது, எல்லாம் கைக்கணக்குதான். ஃபோர்க்கின் மேல் மூடியையும் அடி போல்ட்டையும் அளவுக்கு மீறி முறுக்கினால் மறை கெட்டுவிடும் என்பதால் அந்தக் கருவியை அவர் அவசியம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடைப்பயணம் போவதால் அந்த நாள்களில் பட்டறை பூட்டியிருக்கும்.

சீல், ஃபோர்க் எண்ணெய், வாஷர், பிரேக் ஷூ, கூலி ஆகியவற்றுக்கு 2,400 ரூபாயும், ஹார்ட் குரோமுக்கும் போக்குவரத்துக்கும் 3,200 ரூபாயும் கொடுத்தேன். சீலை மட்டும் மாற்றும் கடையோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். திரும்பத் திரும்பச் சீல் மாற்றி, ஷூவையும் இழந்து, நனைந்த பிரேக்கோடு ஓட்டும் ஆபத்தையும் கணக்கில் எடுத்தால் எனக்கு இது கூடுதலாகத் தெரியவில்லை.

புல்லட் வைத்திருப்பவர்கள் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.எக்ஸ். 100-இல் பைப்பைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பைப் இறங்கிவிடும். பழைய புல்லட்டிலோ பைப்பின் மேல்முனை விளக்குக் கூண்டோடு இணைந்த தலைப்பகுதியில் திருகு மறையாக ஏறியிருக்கும். அந்த மறையைக் கெடுத்தால் செலவு பல மடங்காகும். அதைக் கழற்றும் கருவி இவரிடம் இருக்கிறது, இருந்தாலும் அந்த வேலைக்கு வண்டியை நாள் முழுதும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பைப்பை மூடும் ரப்பர் உறை போட்ட வண்டியாக இருந்தால் உறையை மேலே தூக்கி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். செம்மண் புழுதியைத் தடுக்கும் அந்த உறை மழைநீரையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால், வெளியே ஒரு துளி எண்ணெய் தெரியாதபோதே உள்ளே பைப் துருவேறியிருக்கலாம். உறையின் கீழ் மடிப்பில் நீர் வடிய ஒரு சிறு துளை போடச் சொன்னால் அவர் போட்டுத் தருவார், அதற்கும் காசு கேட்பதில்லை.